தொலைநோக்கி எத்தனை மடங்கு காட்டும்? கேள்வியைத் திருத்திக் கேட்க உதவும் சில கணக்குகள்

மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்திவைத்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். கேள்வி இயல்பானது. ஆனால் அதற்கு ஒரே விடை கிடையாது என்பதும், சொல்லக்கூடிய விடைகளில் மிகப் பெரியது பயனற்றதாகவே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் மகளுக்காகத் தொலைநோக்கி வாங்கினார். 114 மி.மீ. விட்டமுள்ள ஆடியும் 900 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட, தொடக்கநிலையாளர்கள் பரவலாக வாங்கும் அளவுதான். பெட்டியின் மேல் "675 மடங்கு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த 675-ஐ முதல் இரவே பார்த்துவிட வேண்டும் என்று, பெட்டியில் இருந்த மிகச் சிறிய வில்லையையும் அதனோடு சேர்த்துப் பொருத்தும் பார்லோ வில்லையையும் மாட்டி வியாழனை நோக்கித் திருப்பினார். கலங்கிய மஞ்சள் திட்டு ஒன்று, கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தபடி, இருபது நொடிகள்கூட நிற்காமல் பார்வையை விட்டு ஓடியது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 25 மி.மீ. வில்லையை மட்டும் மாட்டினோம். கூர்மையான சின்ன வட்டும், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு துணைக்கோள்களும் தெரிந்தன. குழந்தை கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "சின்னதாத்தான் இருக்கு மாமா, ஆனா நல்லாத் தெரியுது."

அவள் சொன்னதில் இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரிதாகத் தெரிவதும் நன்றாகத் தெரிவதும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே கணக்கிட முடியும். அதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். கீழே வரும் கணக்குகள் அனைத்துக்கும் அந்த 114 மி.மீ. தொலைநோக்கியையே எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையதன் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வானத்தை அளக்கும் கோல்

நிலா எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கேட்டால் ஒருவர் சாப்பாட்டுத் தட்டளவு என்பார், இன்னொருவர் தோசைக்கல்லளவு என்பார். தட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லாதவரை இரண்டுக்கும் பொருளில்லை. 20 மி.மீ. அகலமுள்ள ஒரு நாணயத்தைக் கண்ணிலிருந்து ஏறத்தாழ 2.3 மீட்டர் தள்ளி வைத்தால் அது நிலாவைச் சரியாக மறைக்கும். நாணயத்தின் இரு விளிம்புகளிலிருந்து கண்ணுக்கு வரும் கோடுகளுக்கு இடையிலுள்ள கோணமும், நிலாவின் இரு விளிம்புகளிலிருந்து வரும் கோடுகளுக்கு இடையிலுள்ள கோணமும் ஒன்றாக இருப்பதே காரணம். இந்தக் கோணத்தைத்தான் ஒரு பொருளின் கோண அளவு என்கிறோம். நிலாவுக்கு அது ஏறக்குறைய அரைப் பாகை.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, மூடிய முட்டி 10 பாகை. குழந்தையின் கை சிறியதானாலும் நீளமும் அதற்கேற்பக் குறைவாக இருப்பதால் கணக்கு அதிகம் மாறுவதில்லை. சப்தரிஷி மண்டலத்தில் துருவ விண்மீனைக் காட்டும் இரண்டு விண்மீன்களுக்கிடையே மூன்று விரல்களை வைத்துப் பாருங்கள். சற்றேறக்குறைய பொருந்தும், ஏனெனில் அந்த இடைவெளி 5.4 பாகை. எழும் நிலா உச்சி நிலாவைவிடப் பெரியது என்ற நம்பிக்கையையும் சுண்டுவிரலே தீர்த்துவைக்கும். இரண்டு வேளையும் நிலா விரலின் பாதி அகலம்தான். அடிவானத்தில் பெரிதாகத் தோன்றுவது மனம் செய்துகொள்ளும் ஒப்பீட்டால்.

ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வில்நிமிடம். அதிலும் அறுபதில் ஒரு பங்கு வில்நொடி. பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் இவற்றைக் கலை, விகலை என்ற பெயர்களில் கேட்டிருக்கலாம். நிமிடம், நொடி என்ற சொற்கள் இருந்தாலும் இவை காலத்தின் அளவுகள் அல்ல, கோணத்தின் அளவுகள் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அதே நாணயத்தை 69 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோனால் அதன் கோண அளவு 1 வில்நிமிடம். 4 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வைத்தால் 1 வில்நொடி.

நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1 வில்நிமிடம், அதாவது 60 வில்நொடி. வியாழனின் வட்டு, பூமியிலிருந்து அது இருக்கும் தொலைவைப் பொறுத்து, 30 முதல் 50 வில்நொடிக்குள் அடங்கிவிடுகிறது. எனவேதான் எவ்வளவு ஒளியோடு இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு அது வட்டாகத் தெரியாமல் புள்ளியாகத் தெரிகிறது. தொலைநோக்கி இந்தக் கோணத்தை விரிக்கிறது. வியாழனை அது பக்கத்தில் கொண்டுவருவதுமில்லை, வியாழனைப் பெரிதாக்குவதுமில்லை.

உருப்பெருக்கம் என்பது ஒரு வகுத்தல்

தொலைநோக்கியின் முன்பக்கத்தில் உள்ள பெரிய வில்லைக்கோ, குழாயின் அடியிலுள்ள முதன்மை ஆடிக்கோ ஒரே ஒரு வேலைதான். தொலைவிலிருந்து வரும் ஒளியைக் குவித்து, வானத்தின் சின்னப் படம் ஒன்றை ஓரிடத்தில் உருவாக்குவதே அது. ஆடியிலிருந்து அந்த இடம்வரை ஒளி கடக்கும் தொலைவுக்குக் குவியத் தொலைவு என்று பெயர். தொலைநோக்கியின் உடலிலேயே அது எழுதியிருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நிலா உள்ள இரவில், கண் வைக்கும் பக்கத்தில் வில்லை எதையும் மாட்டாமல், வில்லை மாட்டும் சிறு குழாயின் வாயருகே எண்ணெய்த்தாளையோ டிரேசிங் பேப்பரையோ பிடித்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால், ஓரிடத்தில் கடுகுப் பொட்டுகள்போல் கருமை படர்ந்த, 8 மி.மீ. அகலமுள்ள முழு நிலா தாளில் விழும். முதன்முதலில் அதைப் பார்க்கும் எவரும் தாளைக் கொஞ்சநேரம் கீழே வைக்கமாட்டார்கள். (இந்தச் சோதனையைச் சூரியனை வைத்து ஒருபோதும் செய்யக் கூடாது. முன்புறத்தில் முறையான சூரிய வடிகட்டி இல்லாத தொலைநோக்கியை அந்தத் திசையில் திருப்பவே கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும்.)

இப்போது அந்த 8 மி.மீ. நிலாவை 900 மி.மீ. தள்ளி நின்று பார்த்தால் அது வானத்து நிலாவின் அளவாகத்தான் தெரியும். படமும் தொலைவும் அந்த விகிதத்தில்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் அதை 25 மி.மீ. பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்தால் 36 மடங்கு அகலமாகத் தெரியும். கண்ணால் அவ்வளவு அருகில் கூர்மையாகப் பார்க்க முடியாது. ஆகவே இடையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அதற்குப் பெயர் கண்ணருகு வில்லை. கடைகளில் ஐபீஸ் என்பார்கள். அதன் குவியத் தொலைவு, எவ்வளவு அருகிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறது.

ஆக, உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது. 900 ÷ 25 = 36. 900 ÷ 10 = 90. வில்லையை மாற்றினால் எண் மாறும். எனவே "எத்தனை மடங்கு காட்டும்" என்பது, தொலைநோக்கியைப் பற்றிய கேள்வியாக இல்லாமல், இப்போது மாட்டியிருக்கும் வில்லையைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

90 மடங்கில், 45 வில்நொடி அளவுள்ள வியாழன் 4,050 வில்நொடியாக, அதாவது 1.1 பாகைக்கும் சற்றுக் கூடுதலாக விரிகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனாலும் முதன்முறை பார்ப்பவர்கள் "இவ்வளவுதானா" என்கிறார்கள். கண்ணருகு வில்லைக்குள் தெரியும் வட்டமான இருள் 50 பாகை அகலம் கொண்டது. அந்தப் பெரிய இருட்டுக்கு நடுவே 1 பாகை வட்டு சிறிதாகத்தான் தோன்றும். அருகில் நிலா இருந்து ஒப்பிட முடிந்தால் அந்த ஏமாற்றம் வராது.

675 எங்கிருந்து வந்தது

கண்ணருகு வில்லைக்கு முன்னால் பொருத்தி உருப்பெருக்கத்தை இரண்டு அல்லது மூன்று மடங்காக்கும் துணை வில்லைக்குப் பார்லோ வில்லை என்று பெயர். நண்பரின் பெட்டியில் 4 மி.மீ. கண்ணருகு வில்லையும் மூன்று மடங்கு பார்லோவும் இருந்தன. 900 ÷ 4 = 225; 225 × 3 = 675. பெட்டியில் அச்சிட்டது பொய்யில்லை. கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஆடியின் விட்டம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கரண்டி மாவை ஊற்றித் தோசையை எவ்வளவு அகலமாக இழுத்தாலும் மாவு கூடுவதில்லை. அது மெலிந்துகொண்டே போய் ஓரிடத்தில் கிழிகிறது. ஆடி சேகரித்த ஒளி ஒரு கரண்டி மாவு; உருப்பெருக்கம் அதைத் தேய்த்து இழுப்பது. அகலம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அதனால் படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். 36 மடங்கிலிருந்து 675 மடங்குக்குப் போகும்போது அகலம் 18.75 மடங்கு கூடுகிறது. அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 350. அந்த இரவில் நண்பர் பார்த்த வியாழனின் மேற்பரப்பு, பின்னர் பார்த்ததைவிட 350 மடங்கு மங்கலாக இருந்திருக்கிறது.

இந்த மெலிவை அளக்க ஓர் அழகான வழி உண்டு. பகலில், சூரியன் இருக்கும் பக்கத்தை முற்றிலும் தவிர்த்து, வெளிர் வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, கண்ணருகு வில்லையிலிருந்து ஓரடி பின்னால் நின்று பாருங்கள். வில்லைக்கு வெளியே காற்றில் மிதப்பதுபோல் ஒரு சின்ன ஒளி வட்டம் தெரியும். ஆடி சேகரித்த ஒளி முழுவதும் கண்ணுக்குள் நுழைவது அந்த வட்டத்தின் வழியாகத்தான். அதை வெளியேறு கற்றை என்று அழைப்போம். அதன் அகலம் ஆடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 36 மடங்கில் 114 ÷ 36, அதாவது ஏறத்தாழ 3.2 மி.மீ.; ஓர் அளவுகோலை அருகில் பிடித்தே சரிபார்த்துவிடலாம். 225 மடங்கில் அரை மி.மீ. 675 மடங்கில் 0.17 மி.மீ.; குண்டூசியின் தடிமன்கூட இல்லாத அந்தக் கற்றையில், கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகள்கூட நிழலாகக் குறுக்கே வரும்.

நெடுநாள் அனுபவத்தில் நோக்குவோர் கைக்கொள்ளும் விதி இது: பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லை, மில்லிமீட்டரில் சொன்ன விட்டத்தைப்போல் இரு மடங்கு. 114 மி.மீ. தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 230; 60 மி.மீ. தொலைநோக்கிக்கு 120. ஏன் இரு மடங்கு என்பதை அருந்ததியிடம் வரும்போது பார்க்கலாம்.

இதுவரை வந்தவற்றைக் கோத்துப் பார்த்தால்: வானத்துப் பொருள்களின் அளவு கோணம், உருப்பெருக்கம் அந்தக் கோணத்தை விரிக்கிறது, விரிக்க விரிக்கப் படம் மங்குகிறது, எவ்வளவு விரிக்கலாம் என்பதை விட்டம்தான் தீர்மானிக்கிறது.

மழையில் வைத்த அண்டா

முற்றத்தில் மழை பெய்யும்போது ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெய்வது ஒரே மழையானாலும் அண்டாவில் சேரும் நீர் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதை வாயின் பரப்பு சொல்லும், ஆழம் சொல்லாது. விண்மீன் ஒளியும் மழைபோலத்தான் பூமியெங்கும் சீராக விழுகிறது. ஒளியை ஏற்கும் வாயின் அகலத்தைத் திறப்பு விட்டம் என்கிறோம். தொலைநோக்கியைப் பற்றிக் கேட்கத் தக்க முதல் எண் இதுதான்.

இருட்டில் நன்கு பழகிய இளம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது ஏறினால் 5 அல்லது 6 மி.மீ.க்கு மேல் விரியாமல் போகலாம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 114-ஐ 7-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் தொலைநோக்கி கண்ணைவிட எத்தனை மடங்கு ஒளி சேர்க்கிறது என்று கிடைக்கும்: ஏறத்தாழ 265 மடங்கு. 60 மி.மீ. கருவிக்கு இது 73 மடங்குதான். விட்டம் இரண்டு மடங்குகூட ஆகாதபோதே ஒளி மூன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் செயல்படத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு லட்சத்து பதினோராயிரம் மடங்குக்கும் மேல் வரும்.

விண்மீன்களின் ஒளியைக் குறிக்க வானியலார் பயன்படுத்தும் எண்ணுக்கு ஒளிப்பொலிவெண் என்று பெயர். இது தலைகீழான அளவு. எண் கூடக்கூட ஒளி குறையும். பழங்காலக் கிரேக்க வானியலார் மிகப் பொலிவானவற்றை முதல் தரம் என்றும், கண்ணுக்கு அரிதாகத் தெரிபவற்றை ஆறாம் தரம் என்றும் வைத்த வழக்கத்திலிருந்து இது வந்தது. அதற்குத் திட்டமான கணித வடிவம் கொடுத்தவர் நார்மன் போக்சன். ஒளிப்பொலிவெண்ணில் 5 வேறுபாடு என்பது ஒளியில் சரியாக 100 மடங்கு வேறுபாடு என்று 1856-இல் அவர் முன்மொழிந்தார். ஒரு படிக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு என்று ஆகிறது. அதே போக்சன் 1861-இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் 1891-இல் இறக்கும்வரை இருந்தார். வந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். இன்று உலகின் எந்த வானாய்வகமும் ஒரு விண்மீனின் ஒளியை எழுதும்போது இந்த மனிதரின் அளவுகோலில்தான் எழுதுகிறது. நுங்கம்பாக்கத்தைக் கடந்துபோகும் நம்மில் மிகச் சிலருக்கே இது தெரியும் என்பது வருத்தம் தருகிறது.

நம் கணக்குக்கு வருவோம். 265 மடங்கு ஒளியில், 100 மடங்கு 5 படிகளைத் தருகிறது, மிஞ்சும் 2.65 மடங்கு இன்னும் ஒரு படியைத் தருகிறது. ஆக மொத்தம் 6 படிகள். இருண்ட கிராமத்து வானில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியுமானால் இந்தத் தொலைநோக்கியில் 12 வரை தெரியும். பெருநகரத்தின் விளக்கொளியில் கண்ணுக்கு 4 வரைதான் தெரிகிறது என்றால் தொலைநோக்கியிலும் 10 அளவில் நின்றுவிடும். ஊருக்குப் போகும்போது தொலைநோக்கியைக் கையோடு எடுத்துச்செல்வது, பெரிய ஆடிக்குச் செலவழிப்பதைவிடப் பல நேரம் கூடுதல் பலன் தரும் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

அருந்ததி பார்த்தல்

திருமணத்தில் மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கத்தை அறியாதவர் இல்லை. பகலில் திசையை மட்டும் சுட்டிக்காட்டி முடிந்துவிடுவதால், அந்த விண்மீனை உண்மையில் பார்த்தவர்கள் குறைவு. சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். அதன் வால்பகுதியில் உள்ள மூன்று விண்மீன்களில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. இரண்டுக்கும் இடையே 12 வில்நிமிடம். கண்ணின் எல்லை 1 வில்நிமிடம் என்பதால் நல்ல பார்வைக்கு இந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

தொலைநோக்கியில் பார்த்தால் இன்னொரு செய்தி காத்திருக்கிறது. வசிட்டரே இரண்டு விண்மீன்கள். அவற்றுக்கிடையே 14 வில்நொடி மட்டுமே. இப்படி நெருங்கிய இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறனுக்குப் பகுதிறன் என்று பெயர். நேரான நெடுஞ்சாலையில் வெகு தொலைவில் வரும் லாரியின் இரண்டு விளக்குகள் முதலில் ஒரே விளக்காகத் தெரிந்து, நெருங்கிய பிறகே இரண்டாகப் பிரிவதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒளி அலையாகப் பரவுவதால், எந்த ஆடியும் ஒரு விண்மீனைக் கச்சிதமான புள்ளியாகக் குவிப்பதில்லை; மிகச் சிறிய வட்டாகத்தான் குவிக்கிறது. விட்டம் கூடினால் இந்த வட்டு சுருங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரட்டை விண்மீன்களை நுணுகி ஆராய்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் டாஸ் கண்ட விதி எளிமையானது: 116-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால், பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் வில்நொடியில் கிடைக்கும். 114 மி.மீ. ஆடிக்கு ஏறத்தாழ 1 வில்நொடி. 60 மி.மீ. வில்லைக்கு 1.9. வசிட்டரின் 14 வில்நொடியை இரண்டுமே எளிதாகப் பிரிக்கும்.

ஆனால் ஆடி பிரித்ததைக் கண் பார்க்க வேண்டுமே! 14.4 வில்நொடியை 50 மடங்கு விரித்தால் 720 வில்நொடி, அதாவது 12 வில்நிமிடம். வெறுங்கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும் எவ்வளவு விலகித் தெரிகிறார்களோ, 50 மடங்கில் வசிட்டரின் இரண்டு கூறுகளும் அதே அளவு விலகித் தெரியும். இந்தப் பொருத்தத்தை முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்த இரவை நான் மறக்கவில்லை. 25 மி.மீ. வில்லையின் 36 மடங்கில் இடைவெளி அதில் முக்கால்வாசியாகத் தெரிந்தது. இரண்டு வெண்புள்ளிகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இருட்டு, பார்வைக்குள் சற்றுத் தள்ளி அருந்ததி.

இரு மடங்கு விதியின் காரணம் இப்போது விளங்கும். 114 மி.மீ. ஆடி காட்டக்கூடிய மிக நுண்ணிய கோணம் 1 வில்நொடி. அதை 228 மடங்கு விரித்தால் ஏறக்குறைய 4 வில்நிமிடம். கண்ணின் எல்லையைப்போல் நான்கு மடங்கு. அதாவது ஆடியிடம் இருக்கும் நுணுக்கம் அனைத்தும் கண்ணுக்குச் சிரமமின்றி எட்டிவிட்டது. அதற்குமேல் விரித்தால் புதிதாக எதுவும் வெளிப்படாது. விண்மீனின் வட்டுதான் பெரிதாகும். செய்தித்தாளில் வந்த படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகத்துக்குப் பதில் மைப்புள்ளிகள் தெரிவது இதுபோன்றதுதான்.

காற்றும் குறுக்கே நிற்கிறது. சூடான சாலையின் மேல் காட்சி நடுங்குவதுபோல், வளிமண்டலத்தின் சலனம் விண்மீனின் படத்தை ஓரிரு வில்நொடி அகலத்துக்குக் கலைத்துவிடும். காவலூர் ஆடியின் கணக்குப்படியான பகுதிறன் 0.05 வில்நொடி; ஆனால் அதன் தலைக்கு மேலும் இதே காற்றுதான் இருக்கிறது. நுணுக்கத்தைப் பிரிப்பதைப் பொறுத்தவரை, மாடியில் நிற்கும் சிறு கருவியும் மலைமேல் நிற்கும் பெருங்கருவியும் பல இரவுகளில் ஒரே தடையின் முன்தான் நிற்கின்றன. காற்று அடங்கிய இரவா என்பதை அறிய, விண்மீன்கள் மினுக்குவதைப் பாருங்கள். படபடவென்று மினுக்கினால் அன்று 100 மடங்கைத் தாண்டுவதில் பயனில்லை.

சுருக்கமாக: ஒளி சேர்ப்பது விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும், நுணுக்கம் விட்டத்தோடு கூடும், காற்று அனுமதிக்கும் அளவுக்கே அந்த நுணுக்கம் கைக்கு வரும்.

எஃப் எண்

குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 900 ÷ 114 = 7.9. புகைப்படக்காரர்கள் இது குறைந்தால் படம் வெளிச்சமாகும் என்பார்கள்; கேமராவுக்கு அது உண்மை. கண்ணால் பார்க்கும்போது வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன்பு பார்த்த வெளியேறு கற்றைதான். ஒரே விட்டமும் ஒரே உருப்பெருக்கமும் இருந்தால், எஃப் எண் எதுவானாலும் படத்தின் ஒளி ஒன்றே.

வானத்தின் எவ்வளவு பகுதி தெரியும்

சாவித்துவாரத்தின் வழியே அறையைப் பார்ப்பதுபோல், தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு வட்டத்தைத்தான் காட்டுகிறது. அந்த வட்டத்தின் கோண அளவு பார்வைப் புலம். கண்ணருகு வில்லை தனக்குள் காட்டும் வட்டத்தின் அகலத்தை, சாதாரண வில்லைகளில் 50 பாகை அளவில் இருக்கும் அதை, உருப்பெருக்கத்தால் வகுத்தால் பார்வைப் புலம் கிடைக்கும். 36 மடங்கில் 1.4 பாகை; 90 மடங்கில் 0.56 பாகை, அதாவது நிலா மட்டும் மட்டுமட்டாக அடங்கும் அளவு. பழந்தமிழர் அறுமீன் என்றழைத்த கார்த்திகையின் பொலிவான விண்மீன்கள் ஏறத்தாழ 1 பாகைக்குள் பரவியிருக்கின்றன. 36 மடங்கில் அந்தக் கூட்டம் முழுவதும் நீலவெண் மணிகளாகத் தெரியும். 90 மடங்கில் கூட்டம் உடைந்து, சில விண்மீன்கள் மட்டும் நிற்கும். கூடுதல் உருப்பெருக்கம் காட்சியைக் கெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வில்லையில் குறித்திருக்கும் 50 பாகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பூமியையே கடிகாரமாக வைத்து அளந்துவிடலாம். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எனவே வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்வதாகக் கருதும் கோடு) அருகிலுள்ள விண்மீன் 4 நிமிடத்தில் 1 பாகையும், 4 நொடியில் 1 வில்நிமிடமும் நகரும். மார்கழி, தை இரவுகளில் தெரியும் ஓரியன் தொகுதியின் இடுப்புப்பட்டையில் மூன்று விண்மீன்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் முதலில் உதிக்கும் மின்டகா ஏறக்குறைய நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அதைப் பார்வைப் புலத்தின் கிழக்கு விளிம்புக்கு வெளியே நிறுத்தி, வட்டத்தின் நடுவழியே கடந்துபோகும்படி வைத்து, தொலைநோக்கியைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். விண்மீன் விளிம்பில் பளிச்சென்று நுழையும்போது கைப்பேசியின் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு, எதிர் விளிம்பில் மறையும்போது நிறுத்த வேண்டும்.

நண்பரின் மாடியில் அவர் மகள் மூன்று முறை இப்படி அளந்தாள். 5 நிமிடம் 18 நொடி, 5 நிமிடம் 22 நொடி, 5 நிமிடம் 20 நொடி. சராசரி 320 நொடி. நான்கால் வகுத்தால் 80 வில்நிமிடம், அதாவது 1 பாகை 20 வில்நிமிடம். அதை 36-ஆல் பெருக்கினால் 48 பாகை. விற்றவர் சொன்ன 50 உண்மையில் 48 என்பதை ஒரு விண்மீனையும் ஒரு கைப்பேசியையும் கொண்டு அவள் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னது நான்தான்; ஆனால் மூன்றும் நான்கு நொடி இடைவெளிக்குள் வந்ததைப் பார்த்துவிட்டு நான்காவது முறையும் அளக்க வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்.

அந்த இரவுக்குப் பின் தொலைநோக்கியின் குழாயில், மங்கிய சிவப்பு விளக்கில் படிக்க வசதியாக, ஒரு வெள்ளை அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். 25 மி.மீ.: 36 மடங்கு, 1 பாகை 20. 10 மி.மீ.: 90 மடங்கு, அரைப் பாகை, நிலா மட்டும். 4 மி.மீ.: 225 மடங்கு, காற்று அடங்கிய இரவில். பார்லோவுக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறாள்.